மாலைப் படிப்பகமும் வராத குடும்பங்களும்



பண்டிதர் அயோத்திதாசர் பெயரிலான சொற்பொழிவுக்கு ஆய்வாளர் ஒருவரைத்தான் வழக்கமாக அழைப்பார்கள். இந்த முறை ஒரு மாலைப் படிப்பகத்தை நடத்துகிறவர்களை அழைத்திருக்கிறார்கள். நாங்கள் நான்கு பேர். இருவர் பள்ளி ஆசிரியர்கள், ஒருவர் தபால் துறையில் இருக்கிறார், ஒருவர் எம்.ஏ. முடித்துவிட்டுத் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறார். ஒருவர் குரலில் வாசித்தாலும் நால்வரும் சண்டை போட்டு எழுதிய உரை இது. அதனால் நாங்கள் என்றே பேசுகிறோம்.

பலவகைச் சமூகங்களைச் சேர்ந்த குடும்பங்களைப் பிள்ளைகளின் மாலை வகுப்புகளிலும் இளைஞர் அமைப்புகளிலும் எப்படிப் பங்கேற்கச் செய்வது என்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கேட்டதும் எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. அதை நாங்கள் பல ஆண்டுகள் செய்யத் தெரியாமல் இருந்தோம். தெரியவில்லை என்பதுகூடத் தெரியாமல் இருந்தோம். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறோம். நல்லபடி நடத்துகிறவர்களின் வெற்றிக் கதை வேண்டும் என்றால் நீங்கள் வேறு ஆளை அழைத்திருக்க வேண்டும்.

முதலில் பண்டிதரிடமிருந்து தொடங்குகிறோம். 1894இல் கர்னல் ஆல்காட் சென்னையில் நம் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கியபோது பண்டிதர் அந்த முயற்சிக்குத் துணை நின்றார். அதன்பின் திறந்த பள்ளிகளில் ஒன்றுக்குத் திருவள்ளுவர் பெயர். இதைப் பலரும் சொல்லிவிட்டார்கள். எங்களுக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. 1898இல் அவர் சாக்கிய பௌத்த சங்கத்தை அமைத்தார். கோலார் தங்கவயலிலும் பெங்களூரிலும் கடல் கடந்து ரங்கூனிலும் அதற்குக் கிளைகள் வந்தன. 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' வந்தது. அந்தச் சங்கம் ஆண்களை மட்டும் உட்கார வைத்துப் பிரசங்கம் செய்த இடமாக இருக்கவில்லை. கல்யாணம், சாவு, பிள்ளைக்குப் பெயர் வைப்பது, பண்டிகை கொண்டாடுவது எல்லாம் அதற்குள் வந்தன. ஒரு வீட்டில் நடக்கிற காரியங்களுக்கு அது பொறுப்பேற்றது. சுரங்கத்தில் இறங்கி ஏறுகிறவன் மட்டுமல்ல, அவன் குடும்பமும் அதற்குள் இருந்தது. தங்கவயலில் அது வேர் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது எங்கள் கணிப்பு.

1924இல் அண்ணல் அம்பேத்கர் பம்பாயில் தொடங்கிய பஹிஷ்கிருத ஹிதகாரிணி சபையும் மாணவர் விடுதி நடத்தியது, வாசகசாலை வைத்தது, இளைஞர்களுக்கு ஹாக்கிக் குழுகூட வைத்திருந்தது. கல்வி என்றால் பள்ளிக்கூட நேரம் மட்டும் என்று நம் முன்னோர் நினைக்கவில்லை. நான்கு மணிக்கு மணியடித்த பிறகு பிள்ளை எங்கே போகிறது என்று அவர்கள் யோசித்தார்கள்.

எங்கள் படிப்பகம் வட மாவட்டம் ஒன்றில், ஒரு சிறுநகரத்தின் ஓரத்தில் இருக்கிறது. காலனிச் சமுதாயக் கூடம்தான் இடம். சுவரில் அண்ணல் படம். மாலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரை. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் நகராட்சித் தூய்மைப் பணியாளர்களின் லைன் வீடுகள். அருந்ததியர் குடும்பங்கள், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். ஏரிக்கரையில் இருளர் குடிசைகள். பைபாஸ் ஓரம் நரிக்குறவர் குடியிருப்பு. இன்னும் கொஞ்சம் தள்ளிச் செங்கல் சூளைகள். பொங்கலுக்கு முன்னால் ஒடிசாவிலிருந்து வந்து மழைக்கு முன் திரும்பிப் போகிற குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. காலனியில் இருக்கிற எங்களையும் சேர்த்து ஐந்து வகை மக்கள், ஐந்து வகைப் பேச்சு. நடந்து போனால் அரைமணி நேரத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

தொடக்கத்தில் கூடம் நிறையப் பிள்ளைகள். நாங்கள் மகிழ்ந்தோம். எல்லாரும் எங்கள் தெருப் பிள்ளைகள் என்பதை நாங்கள் கவனிக்கவில்லை. வெளியூரிலிருந்து வந்த ஒரு தோழர்தான் கேட்டார், "பாதைக்கு அந்தப் பக்கம் பிள்ளைங்களே இல்லையா?" நாங்கள் உடனே பதில் சொன்னோம்: "கூப்பிட்டோம், அவங்களுக்கு அக்கறை இல்ல."

தோழர்களே, அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். நம் பாட்டன்மாரைப் பற்றி ஊர்த்தெரு வாத்தியார்கள் சொன்ன அதே வாக்கியம் அது. எங்கள் வாயிலிருந்து எவ்வளவு இயல்பாக வந்தது!

கூப்பிட்டோம் என்பது உண்மை. நோட்டீஸ் அடித்து ஒட்டினோம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பெற்றோர் கூட்டம். லைன் வீடுகளிலிருந்து ஒருவரும் வரவில்லை. மறுநாள் எங்கள் தோழி ஒருவர் அங்கே போய்ச் சற்றுக் கோபமாகவே கேட்டிருக்கிறார். தள்ளுவண்டியைக் கழுவிக்கொண்டிருந்த ஓர் அம்மா நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "ஞாயித்துக்கெழமதாம்மா கறிக்கடக் குப்ப, மீன் மார்க்கெட் குப்ப. ஊருக்கெல்லாம் லீவு வுட்டா எங்களுக்கு வேல ரெட்டிப்பு. உங்களுக்குத் தெரியாதா?"

எங்களுக்குத் தெரியாது. பாதைக்கு இந்தப் பக்கம் எங்கள் வீட்டுக் குப்பையையும் அந்த அம்மாதான் அள்ளுகிறார். அவருடைய ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் என்று நாங்கள் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

அரசும் இதே தவற்றைத்தான் செய்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், நலிந்த பிரிவினருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் தர வேண்டும். சட்டம் நல்ல சட்டம். தமிழ்நாட்டில் 2022இல் இந்தக் குழுக்களை மறுகட்டமைத்தார்கள். எங்கள் பகுதியில் கூட்டம் வேலைநாள் பிற்பகலில் நடக்கிறது. கூலிக்குப் போகிற தாய் அதற்கு வந்தால் அரைநாள் சம்பளம் போகும். அதனால் அவர் பெயர் பட்டியலில் இருக்கிறது, கையெழுத்தை யாராவது வீட்டுக்குக் கொண்டுபோய் வாங்கிக்கொள்கிறார்கள். பிறகு 'பெற்றோர் பங்கேற்பு குறைவு' என்று எழுதுகிறார்கள்.

நேரத்தை மாற்றினோம். லைன் வீட்டு வாசலிலேயே, இரவு ஏழு மணிக்கு, அவர்கள் சொன்ன நாளில். அவர்கள் கட்டிலை எடுத்துப் போட்டார்கள், நாங்கள் உட்கார்ந்தோம். பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். வேலை முடிந்தது என்று நினைத்தோம். முடியவில்லை.

இனிச் சொல்லப் போவதை உரையில் சேர்க்கலாமா வேண்டாமா என்று எங்களுக்குள் மூன்று நாள் வாக்குவாதம் நடந்தது. சேர்த்துவிட்டோம்.

லைன் வீட்டிலிருந்து வந்த ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி நன்றாகப் படிக்கிறவள். கணக்கில் கெட்டிக்காரி. ஆடி மாதத்தில் திடீரென்று நின்றுவிட்டாள். தம்பியும் வரவில்லை. காய்ச்சல் என்று நினைத்தோம். இரண்டு வாரம் கழித்துப் போனோம். அவள் உள்ளே இருந்து வெளியே வரவே இல்லை. அவளுடைய அம்மா எங்களை உட்காரச் சொல்லவில்லை. நெடுநேரம் கழித்துச் சொன்னார்: "எங்க புள்ளைங்களுக்குத் தனி டம்ளர் வச்சிருக்கீங்களாமே. பச்சை டம்ளர்."

எங்களுக்குத் தலை சுற்றியது. அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்து பார்த்தால், இருந்தது. படிப்பகத்தில் சுண்டல் வேகவைத்துத் தருகிற பொறுப்பு எங்கள் தெருவில் இரண்டு பெண்களிடம் இருந்தது. சம்பளம் இல்லாமல், தங்கள் வீட்டு விறகில் செய்கிறவர்கள். நல்லவர்கள். அவர்கள் இரண்டு பச்சை பிளாஸ்டிக் டம்ளரைத் தனியாக ஜன்னலில் வைத்திருந்தார்கள். யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. எந்தப் பிள்ளை எதை எடுக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கே தெரிந்திருந்தது. அண்ணல் படத்துக்கு நேர் கீழேதான் அந்த ஜன்னல். அதே தெருவிலிருந்துதான் தேநீர்க்கடை இரட்டைக் குவளையை எதிர்த்து எங்கள் அப்பாக்கள் ஊர்வலம் போனார்கள். வழக்கு வாங்கினார்கள். நாங்கள் நால்வரும் நாள்தோறும் அந்தக் கூடத்தில் இருந்தோம். எங்கள் கண்ணில் அது படவில்லை.

2023இல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தபோது, பட்டியல் சாதிப் பெண் சமைத்த உணவைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று சில ஊர்களில் பெற்றோர் தடுத்தார்கள். நாம் எல்லாரும் கொதித்தோம். கொதிக்க வேண்டியதுதான். ஆனால் அந்தப் பச்சை டம்ளர் எங்கள் ஜன்னலில் இருந்த உண்மையை வைத்துக்கொண்டு அந்தச் செய்தியைப் படிப்பது வேறு மாதிரி இருக்கிறது.

நாங்கள் டம்ளரைத் தூக்கி எறிந்தோம். அது சுலபம். லைன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அதுவும் ஓரளவு சுலபம்தான், மன்னிப்புக் கேட்பவன் கொஞ்சம் பெருமையோடுதான் கேட்கிறான். கடினமானது அடுத்தது. அந்தத் தாய் கேட்டார்: "டம்ளர தூக்கிட்டீங்க, சரி. சுண்டல நாங்க வேகவச்சுக் குடுத்தா உங்க தெருவுல சாப்பிடுவாங்களா?" அவர் கேட்டது பங்கேற்பைப் பற்றி. இவ்வளவு நாளும் பங்கேற்பு என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது அவர்கள் வந்து எங்களிடம் வாங்கிச் சாப்பிடுவதைத்தான்.

முறை வைத்தோம். முதல் வாரம் லைன் வீட்டுப் பானை. அந்த வாரம் எங்கள் தெருவிலிருந்து வருகிற பிள்ளைகள் பாதிக்கும் கீழே குறைந்தார்கள். ஒரு வீட்டில் எங்களைத் திட்டியே அனுப்பினார்கள். எங்கள் சொந்தச் சித்தி ஒருவர் "படிக்கத்தான அனுப்புனோம், பந்தி போடவா அனுப்புனோம்" என்றார். நாங்கள் சுண்டலை நிறுத்தலாமா என்றுகூட யோசித்தோம். நிறுத்தியிருந்தால் எல்லாருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். நிறுத்தவில்லை. இரண்டு மாதத்தில் பெரும்பாலான பிள்ளைகள் திரும்பினார்கள். பெரியவர்கள் மனம் மாறிவிட்டது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். பிள்ளைகளுக்குச் சுண்டல் பிடித்திருந்தது, அவ்வளவுதான். இரண்டு வீடுகள் இன்றுவரை பிள்ளைகளை அனுப்பவில்லை. அந்த ஏழாம் வகுப்புப் பெண் திரும்பி வரப் பொங்கல் ஆனது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2009இல் அருந்ததியருக்குப் பட்டியல் சாதி ஒதுக்கீட்டுக்குள் மூன்று விழுக்காடு தனியாக வந்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, மாநிலங்கள் இப்படி உள்பிரிவு செய்யலாம் என்று தீர்ப்பு சொன்னது. அதைப் பற்றி நம் அரங்குகளில் என்னென்ன பேசுகிறோம் என்று நமக்குத் தெரியும். கொள்கை வாதங்கள் இருக்கலாம், பேசுவோம். ஆனால் அந்தப் பேச்சு நடக்கிற கூடத்தில் லைன் வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதை மறந்து பேசுகிறோம். எங்கள் படிப்பகத்திலேயே அப்படி ஒரு மாலை நடந்தது. பேசியவர் எங்களுடைய பழைய மாணவர். அவரைத் தடுக்க எங்களுக்கு அன்று வாய் வரவில்லை.

ஏரிக்கரைக்குப் போன கதை வேறு. அங்கே எங்களை யாரும் திட்டவில்லை. அதுதான் பிரச்சினை. இளம் தோழர் ஒருவரை அனுப்பினோம். ஒரு பாட்டி எழுந்து நின்று, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "சொல்லுங்க சாமி" என்றாராம். அவனைப் பிறந்ததிலிருந்து யாரும் சாமி என்று கூப்பிட்டதில்லை. வேறு பெயர்கள் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தச் சொல்லை நம் பாட்டன்மார் யாரைப் பார்த்துச் சொன்னார்கள் என்று அவனுக்குத் தெரியும். திரும்பி வந்து வண்டியை நிறுத்திவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தான்.

இருளர்கள் நம் மாநிலத்தில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளின் பட்டியலில் உள்ள ஆறு சமூகங்களில் ஒன்று. எங்கள் பகுதியில் அவர்கள் கரும்பு வெட்டவும் சவுக்கு வெட்டவும் குடும்பத்தோடு போவார்கள். மாதக்கணக்கில் குடிசை பூட்டிக் கிடக்கும். பூட்டு என்றா சொன்னோம், கதவில் ஒரு கயிறு. எங்கள் பதிவேட்டில் பத்து நாள் வராத பிள்ளையின் பெயரைச் சிவப்பு மையால் அடித்துவிடுகிற வழக்கம் இருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து நாங்களாகவே கற்றுக்கொண்ட வழக்கம். வேலை முடிந்து திரும்பி வந்த பையன் ஒருவன் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, தன் பெயரை யாரோ அடித்து வைத்திருக்கிறார்கள் என்று வாசலோடு போய்விட்டான். சிவப்புப் பேனாவை அன்றோடு விட்டோம். இப்போது பெயருக்கு எதிரில் 'கரும்பு' என்றோ 'சவுக்கு' என்றோ எழுதிவைக்கிறோம். போகும்போது இரண்டு புத்தகம் கொடுத்தனுப்புகிறோம். பாதி திரும்பி வராது. வராவிட்டால் பரவாயில்லை.

ஆனால் அந்தக் குடும்பங்கள் எங்களை நம்பியது புத்தகத்தால் அல்ல. சாதிச் சான்றிதழால். நமக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் கிடைக்கிற சான்று, பழங்குடிகளுக்குக் கோட்டாட்சியர் தர வேண்டியது. விசாரணை, ஆதாரம், அப்பாவுக்குச் சான்று உண்டா, தாத்தாவுக்கு உண்டா என்று கேள்வி. யாருக்கும் இல்லாத வீட்டில் எங்கிருந்து எடுப்பது? அது இல்லாமல் பிள்ளை பத்தாம் வகுப்பைத் தாண்டிப் போவதில் அர்த்தமில்லை என்று அவர்கள் நினைத்தார்கள். அது முழுத்தவறு என்று எங்களால் சொல்ல முடியவில்லை. எங்கள் தபால்காரத் தோழர் மனு எழுதினார், அலைந்தார், பலமுறை வெறுங்கையோடு திரும்பினார். முதல் சான்றிதழ் கைக்கு வந்த அன்று அந்தப் பாட்டி படிப்பகத்துக்குத் தானே நடந்து வந்து, உள்ளே உட்கார்ந்து, கூரையைப் பார்த்தார். சாமி என்பது நின்று 'தம்பி' ஆக இன்னும் ஓராண்டு ஆனது. குடும்பம் உங்கள் அமைப்புக்குள் வர வேண்டும் என்றால், குடும்பத்துக்கு எது தலைபோகிற விஷயமோ அதற்குள் முதலில் நீங்கள் போக வேண்டும். பண்டிதரின் சங்கம் கல்யாணத்திலும் சாவிலும் நின்றது இப்படித்தான் என்று எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது.

நரிக்குறவர் குடியிருப்பில் நாங்கள் செய்த தவறு நல்லெண்ணத்தோடு செய்தது. அதனால் பிடிபடவும் நாளானது. அவர்களுடைய பிள்ளைகள் அபூர்வமாகத்தான் வருவார்கள். ஏப்ரல் 14 விழாவுக்கு மட்டும் தவறாமல் கூப்பிடுவோம். மேடையில் ஆடச் சொல்வோம். எல்லாரும் கைதட்டுவார்கள், படம் எடுப்பார்கள், 'பன்முகத்தன்மை' என்று பேசுவோம். மூன்றாவது ஆண்டு கூப்பிடப் போனபோது, ஊசிமணி கோத்துக்கொண்டிருந்த ஒரு தந்தை தலையைத் தூக்காமலே கேட்டார்: "ஆடத்தான் கூப்புடுவீங்களா சார்? எம் பையன் கணக்குப் போடுவான். அதுக்குக் கூப்புடுங்களேன்."

மாணவ நண்பர்களே, கல்லூரி விழாவில் உங்களைப் பறையடிக்கக் கூப்பிடுகிறவர்கள், கவிதை வாசிக்கவோ கருத்தரங்குக்குத் தலைமை தாங்கவோ கூப்பிடுகிறார்களா? பறை நம் உரிமைக் கருவிதான், அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் அடிக்கும்போது மட்டும் நினைவுக்கு வருகிறவர்களாக இருப்பது எப்படி வலிக்கும் என்பது நமக்குத் தெரியும். தெரிந்தும் அதையே நாங்கள் அடுத்தவருக்குச் செய்தோம்.

நரிக்குறவரையும் குருவிக்காரரையும் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2022 டிசம்பரில்தான். அவர்கள் அதற்காகக் காத்திருந்தது பல பத்தாண்டுகள். அந்தப் பையன் இப்போது சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லித் தருகிறான். கோயில் திருவிழாக்களில் பாசிமணி விற்று மீதிச் சில்லறை கொடுத்துப் பழகியவன். கழித்தல் கணக்கில் அவன் வேகம் எங்களில் யாருக்கும் கிடையாது. அவர்கள் வீட்டில் பேசுவது வாக்ரிபோலி. வாய்ப்பாட்டை அவன் அதில் ஒருமுறை சொல்லிக் காட்டினான். பிள்ளைகள் விடாமல் இன்னொரு முறை, இன்னொரு முறை என்றார்கள்.

மொழி என்றதும் ஒரு விஷயம். எங்கள் சேர்க்கைப் படிவத்தில் சாதிக்கு ஒரு கட்டம் இருந்தது. வீட்டில் பேசும் மொழிக்குக் கட்டம் இல்லை. பிறகு சேர்த்தோம். லைன் வீட்டுக்காரர்கள் எல்லாரும் அதில் 'தமிழ்' என்று எழுதினார்கள். வாசலில் நிற்கும்போது உள்ளே தெலுங்கு கேட்கும், நாங்கள் காலடி வைத்ததும் தமிழாகிவிடும். அந்தத் தெலுங்கு ஊரில் சாதியைக் காட்டிக்கொடுக்கிற தெலுங்கு. வெளியே பேசாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்திருந்தார்கள்.

அதை மாற்றியது நாங்கள் அல்ல, சூளை. ஒடிசாவில் பலாங்கீர் பக்கத்திலிருந்து வருகிற குடும்பங்கள் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள். வாங்கின பணம் கழியும்வரை சூளையை விட்டு நகர முடியாது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. அவர்களைப் பெற்றோர் கூட்டத்துக்கு வாருங்கள் என்று கூப்பிடுவதே கேலி. விடியற்காலையில் பிள்ளைகளும் சேர்ந்து பச்சைக்கல்லைப் புரட்டிப் போடுகிறார்கள். திருவள்ளூர் பக்கத்துச் சூளைகளில் ஒடியா மொழியிலேயே பணியிடப் பள்ளிகள் நடந்திருக்கின்றன என்று கேள்விப்பட்டு நாங்களும் முயன்றோம். எங்களில் ஒருவருக்கும் ஒடியா தெரியாது. சிரித்துக் கையசைத்துவிட்டுத் திரும்பினோம்.

வாரச் செலவுப் பணம் வாங்கிச் சந்தைக்கு வரும் நாளில் அவர்களைச் சந்தைச் சாலையில் பார்க்கலாம் என்று யோசனை சொன்னவர் தள்ளுவண்டி அம்மாதான். சந்தைக் குப்பை அவருடைய பொறுப்பு. அவரே ஒருநாள் அவர்களோடு பேச்சுக் கொடுத்திருக்கிறார். சில பெண்கள் முந்தைய ஆண்டுகளில் ஆந்திரச் சூளைகளிலும் தெலங்கானாச் சூளைகளிலும் வேலை செய்தவர்கள். வேலைக்குப் போதுமான தெலுங்கு அவர்களுக்கு வந்தது. ஊருக்குத் தெரியாமல் வீட்டுக்குள் வைத்திருந்த தெலுங்கு சந்தை நடுவில் சத்தமாக ஒலித்ததை நாங்கள் பக்கத்தில் நின்று கேட்டோம். எத்தனை பிள்ளைகள், எந்த வகுப்பில் விட்டார்கள், எந்தப் பிள்ளைக்குக் காது வலி, எல்லாம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. பட்டதாரிகள் நான்கு பேர் இரண்டு மாதத்தில் தெரிந்துகொள்ள முடியாதது.

இன்று சனிக்கிழமை வகுப்பு சூளையிலேயே நடக்கிறது. மொழிபெயர்ப்பாளர் அந்த அம்மா. படிப்பகத்துக்கு வரும் நன்கொடையில் அவருக்கு ஒரு சிறு தொகை கொடுக்கிறோம். அவரை 'தன்னார்வலர்' என்று சொல்லி இலவசமாக வேலை வாங்கலாமே என்று ஒரு தோழர் கேட்டார். ஏற்கெனவே ஊர் அவரிடம் நிறைய இலவசமாக வாங்கியிருக்கிறது. சூளைக்காரரின் அனுமதி எங்களுக்கு எந்த வாரமும் உறுதியில்லை. ஒரு வாரம் உள்ளே விடுவார், ஒரு வாரம் விட மாட்டார். வகுப்பு நடத்திக்கொண்டே முன்பணக் கணக்கைக் கேட்கவும் வேண்டும். கேட்டால் வகுப்பு நின்றுவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் நாங்கள் இன்னும் தடுமாறிக்கொண்டுதான் இருக்கிறோம்.

வளர்ந்த பையன்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம், அதில் நாங்கள் அதிகம் கற்றுக்கொள்ளவில்லை. 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் சக மாணவர்களாலேயே வீட்டுக்குள் வெட்டப்பட்டார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் சாதிக் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும், பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் கூடாது, எல்லாச் சமூக மாணவரும் சேர்ந்த ஒரு சமூக நீதி மாணவர் படை வேண்டும் என்றெல்லாம் பரிந்துரைத்தது. நல்ல பரிந்துரைகள். ஆனால் கயிற்றைக் கட்டி அனுப்புகிற வீட்டுக்குள் யார் போவது? எங்களால் ஊர்த்தெருவுக்குள் அப்படிப் போய்ப் பேச முடியவில்லை. 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின்போதும் பார்த்தோம். ஊர்த்தெருத் திண்ணையில் மையம் நடந்தால் நம் பிள்ளைகள் போவதில்லை, காலனியில் நடந்தால் அவர்கள் வருவதில்லை. எங்கள் கபடிக் குழுவில் மட்டும் இருவர் ஊர்த்தெருவிலிருந்து வருகிறார்கள், வீட்டுக்குத் தெரியாமல். அவர்கள் பெற்றோரை எப்படிச் சேர்ப்பது என்று எங்களைக் கேட்காதீர்கள். கேட்க வேண்டியது அந்தத் தெருவில் பிறந்த முற்போக்குத் தோழர்களை.

பெண் பிள்ளைகளின் வீடுகளில் ஐந்து வகைச் சமூகமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டன. "இருட்டுனா யாரு கொண்டாந்து விடுவா?" ரயில் பாதையைத் தாண்டும் இடத்தில் விளக்கு இல்லை. தாய்மார்கள் இருவர் இருவராக முறை போட்டு அழைத்துப் போகிறார்கள். முதலில் அவரவர் பிள்ளைகளை. பிறகு, நடந்து நடந்து, யார் பிள்ளை என்று பார்க்காமல். நாங்கள் நடத்திய எந்தக் கூட்டத்தையும்விட அந்தப் பாதையில்தான் அவர்கள் ஒருவரோடு ஒருவர் அதிகம் பேசியிருக்கிறார்கள். விளக்குக்கு நகராட்சியில் மனு கொடுத்து நாளாகிறது. மனுவில் கையெழுத்துப் போட்ட முதல் ஐந்து பேர் ஐந்து குடியிருப்புகளைச் சேர்ந்த பெண்கள், ஒருவர் கைநாட்டு.

கடைசியாகச் சாவி. கூடத்தின் சாவி இருபது ஆண்டுகளாகக் காலனிச் சங்கச் செயலாளர் வீட்டில்தான் இருக்கிறது. பூட்டு எங்கள் தாத்தாக்கள் போராடி வாங்கிய இடத்தின் பூட்டு. போன ஆண்டு லைன் வீட்டுப் பெண்கள் இன்னொரு சாவி தங்களிடம் இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். முறைவாரம் சுண்டல் வைக்க அவர்கள்தான் முதலில் வர வேண்டியிருக்கிறது, வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது. நியாயமான கோரிக்கை. சங்கத்தில் பேச்சு எழுந்தபோது எங்கள் பெரியவர் ஒருவர் கண் கலங்கிச் சொன்னார்: "இந்த ஒரு எடந்தாண்டா நமக்குன்னு இருக்கு." அவர் சொன்னது பொய்யில்லை. ஊரில் எல்லா இடத்துக்கும் வெளியே நின்றவர் அவர். அவரை எதிர்த்து வாக்கெடுப்பு வைத்து ஜெயிக்க எங்களுக்கு மனமில்லை. அவரை அழைத்துக்கொண்டு ஒருநாள் சூளைக்குப் போனோம், ஒருநாள் லைன் வீட்டுக்கு. அங்கே அவருக்குத் தேநீர் கொடுத்தார்கள். குடித்தார். சாவியைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. செயற்குழு அடுத்த மாதம் கூடுகிறது.

இந்த ஆண்டுச் சூளைக் குடும்பங்கள் ஊர் திரும்ப இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன. பிள்ளைகள் அங்கே போய் எந்தப் பள்ளியில் சேர்வார்கள் என்று ஒரு பட்டியல் எடுக்க வேண்டும், இங்கே படித்ததற்கு ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். ஒடியா எழுதத் தெரிந்தவர் ஒருவர் உடனடியாகத் தேவை. பேசத் தெரிந்தால் போதாது, எழுத வேண்டும். கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு மனு எழுதித் தர இரண்டு சட்ட மாணவர்கள் கிடைத்தாலும் நல்லது. வருகிற வெள்ளிக்கிழமை இரவு ஏழு மணிக்கு லைன் வீட்டு வாசலில் கூட்டம் இருக்கிறது. வர முடிந்தவர்கள் நிகழ்ச்சி முடிந்ததும் வாசல் பக்கம் நிற்கும் எங்கள் தோழியிடம் பெயர் கொடுங்கள். பேருந்து எண்ணை அவர் சொல்வார்.